கத்தாத குட்டி

ஸ்ரீதரை அடிக்க வேண்டும் என்று பிரபாவதிக்குத் தோன்றவில்லை. அடித்தால் அது ஒரு நாளோடு போய்விடும். அவன் கடையில் ஈ ஓட்ட வேண்டும், கடைசியில் அவன் ஷட்டரை இழுத்து மூட வேண்டும், அதை அவள் எதிரில் உட்கார்ந்து சாவகாசமாகப் பார்க்க வேண்டும். நாய்க்குட்டியைப் புதைத்த மறுநாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே இதை முடிவு செய்துவிட்டாள்.

திருத்தணி மலையில் முடி இறக்கிவிட்டு வருகிறவர்களின் தலையில் சந்தனம் பூசுவது அவள் தொழில். ஒரு பித்தளைக் கிண்ணத்தில் குழைத்த சந்தனம், பக்கத்துக் கூடையில் குழந்தைகளுக்கான துணித் தொப்பிகள். காது குத்தி, மொட்டை போட்டு, மூக்கு ஒழுகி அழுகிற பிள்ளைகளை அம்மாக்கள் இழுத்துவந்து நிறுத்துவார்கள். இவள் சந்தனத்தைப் பூசியதும் தலை குளிர்ந்து அழுகை பாதியில் நின்றுவிடும். பதினெட்டு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளின் தலையெல்லாம் அவள் உள்ளங்கைக்கு வந்துபோனது. அவளுக்கென்று ஒரு பிள்ளை வரவில்லை.

புருஷன் தங்கவேலுக்கு அரக்கோணம் ரயில்வே யார்டில் ஒப்பந்த வேலை. காலையில் முதல் வண்டிக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவான். மதியத்துக்கு மேல் மொட்டை வியாபாரம் கிடையாது. வீட்டுக்கு வந்தால் மின்விசிறி சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை. அதனால்தான் ஒரு நாய்க்குட்டி வாங்கலாம் என்று கிளம்பினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஸ்ரீதரின் செல்லப்பிராணிக் கடை இருந்தது. நாய்க்குட்டி, முயல், கண்ணாடித் தொட்டியில் மீன், கம்பிக் கூண்டில் குருவி. மொட்டை போட்டுக்கொண்ட பிள்ளைகளைச் சமாதானப்படுத்த அப்பன்மார் எதையாவது வாங்கித்தரும் பாதையில் கடை போட்டிருந்தான், சாமர்த்தியசாலி. முப்பத்தைந்து வயசு, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய 'அக்கா'.

இந்தப் பக்கத்தில் குட்டி எடுக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிடரியைப் பிடித்து அந்தரத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். வீல் என்று கத்தினால் பயந்தாங்கொள்ளி, வேண்டாம். கத்தாமல் தொங்கினால் நெஞ்சுரம் உள்ளது, வீட்டுக்கு ஆகும். கனகம்மாசத்திரத்தில் பிரபாவதியின் அப்பா அப்படித்தான் எடுப்பார். அவளும் ஸ்ரீதர் கடையில் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். நான்கு குட்டிகள் ஊரைக் கூட்டின. மூலையில் கிடந்த ஐந்தாவது, ஒரு செவலைக் குட்டி, அவள் கையில் தொங்கிக்கொண்டு அவளையே பார்த்தது.

"ராசியான கைக்கா உங்களுது. அது சிங்கம்கா. நாலு பேர் கேட்டுகினு போயிருக்காங்க, நான்தான் குடுக்கல" என்றான் ஸ்ரீதர்.

அவள் அதற்குச் சிங்காரம் என்று பெயர் வைத்தாள். முதல் நாள் முழுக்கத் தூங்கியது. புது இடம் என்று நினைத்தாள். பாலும் பிஸ்கெட்டும் கொடுத்தாள். இரண்டாம் நாள் வாந்தி. மூன்றாம் நாள் ரத்தமாகப் போனது, வீடே நாறியது. நான்காம் நாள் கால்நடை ஆஸ்பத்திரி மேஜையில், டாக்டர் சீதாலட்சுமி ஊசியை எடுப்பதற்குள் செத்துப்போனது. அப்போதும் அது கத்தவில்லை.

குட்டியோடு ஸ்ரீதர் கொடுத்திருந்த தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள். கடையில் ஒரு குடும்பம் முயல் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து டீக்கடை ஆட்கள் இரண்டு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். மொத்தம் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

"என் கடைய வுட்டுப் போறப்ப நல்லாதான் இருந்துச்சு. நீங்க இன்னா குடுத்தீங்களோ" என்றான் ஸ்ரீதர். அன்றைக்கு அந்த 'அக்கா' காணாமல் போயிருந்தது.

"நோவு புடிச்ச குட்டிய சிங்கம்னு சொல்லி என் தலையில கட்டினியே, நல்லா இருப்பியா நீ?"

முயல் பார்த்தவர்கள் கூண்டைக் கீழே வைத்துவிட்டார்கள். வியாபாரம் கைநழுவுவதை அவன் பார்த்தான். அதற்கப்புறம் அவன் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"ஒரு புள்ளய பெத்து வளத்திருந்தா நாயி வளக்கத் தெரியும். அந்தக் கையில குடுத்தா எது தங்கும்? போம்மா, போ."

டீக்கடை ஆள் ஒருவன் க்ளுக் என்று சிரித்தான். சொல்லாதே சொல்லாதே என்று பதினெட்டு வருஷமாக ஊரே அவள் முன்னால் விழுங்கி வைத்திருந்ததை ஒருவன் முயல் விற்பதற்காகத் துப்பிவிட்டான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

மறுநாள் மறுபடியும் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் சீதாலட்சுமி தோள்வரை உறை மாட்டிய கையை ஒரு பசுமாட்டுக்குள் விட்டுச் சினை பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயசுக்காரர், மாட்டிடமும் மனுஷரிடமும் ஒரே குரலில் பேசுகிறவர்.

"டாக்டரம்மா, நான் வளத்த விதத்துலதான் செத்துச்சா? நெசத்த சொல்லுங்க."

"கடையிலயே நோய் வந்தாச்சும்மா. நீ வாங்குறப்பவே காய்ச்சல் இருந்திருக்கும். அது பொறந்து முப்பது நாள்கூட ஆகல, தாய்கிட்டேயிருந்து புடுங்கினு வந்திருக்கான். அட்டை பொய். நெஜமா ஊசி போட்டா மருந்து பாட்டில்ல இருக்கற ஸ்டிக்கர உரிச்சு ஒட்டியிருப்பாங்க. இதுல வெறும் பேனாவுல எழுதிக்கீது."

"தூக்கிப் பாத்தேனே. கத்தவே இல்லியே."

"கத்தறதுக்குத் தெம்பு வேணும் இல்ல? நல்லா இருக்கற குட்டி கழுத்த புடிச்சா கத்தும், உதைக்கும். சாகப்போறதுதான் சும்மா தொங்கும். இந்த ஊர் ஜனங்க வருசக்கணக்கா நல்லத வுட்டுட்டு நோயாளியத்தான் பாத்து பாத்து எடுத்துனு போறாங்க. எல்லாம் என் மேஜைக்குதான் வருது."

"இது அவனுக்குத் தெரியுமா?"

"கடை வச்சிகிறவனுக்குத் தெரியாதா?"

பிரபாவதி மாட்டின் வாலை இறுக்கிப் பிடித்தாள். பிடிக்க ஆளில்லாததால் டாக்டரே அதை அவள் கையில் கொடுத்திருந்தார்.

"எனக்கு எல்லாத்தியும் சொல்லிக் குடுங்க."

"இன்னொன்னு வளக்கப் போறியா?"

"இல்ல. ஒருத்தன கவுக்கணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனாலும் சொல்லிக் கொடுத்தார். பத்துப் பதினைந்து நாள், மதியம் ஆஸ்பத்திரி ஓயும் நேரத்தில் பிரபாவதி போய் மாட்டைப் பிடித்தாள், ஆட்டைப் பிடித்தாள், பதிலுக்குப் பாடம் கேட்டாள். கையில் கடிவாங்கிக்கொண்டு, வயசு தெரியப் பல்லை எண்ணப் பழகினாள். ஈறை அழுத்தி, வெளுத்த இடம் எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறது என்று பார்க்கக் கற்றாள்.

பிறகு சந்தனக் கிண்ணத்தையும் தொப்பிக் கூடையையும் தூக்கிக்கொண்டு, முடிகாணிக்கை மண்டபத்துப் பக்கமிருந்த தன் பழைய இடத்தை விட்டு, ஸ்ரீதர் கடைக்கு நேர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ரோடு பொது. கேட்க ஆளில்லை.

முதலில் சிக்கியவர் அம்மையார்குப்பத்து நெசவாளி ஒருவர். மொட்டைத் தலையோடு மகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பாப்பா இன்னாத்துக்கு அழுவுது?" என்று சந்தனம் பூசிக்கொண்டே கேட்டாள்.

"நாய்க்குட்டி வாங்கித் தரேன்னு சொன்னேன், உடனே வேணுமாம்."

"வாங்குங்க, நல்லா வாங்குங்க. ஆனா தூக்கிப் பாக்காதீங்க. எறக்கி தரையில வுடச் சொல்லுங்க. ஓடியாந்து உங்க கால மோந்து பாக்கணும். மூலையில போயி குந்திகினா வேணாம். ஈறு ரோஸா இருக்கணும். வயிறு மட்டும் பானையாட்டம் உப்பியிருந்தா பூச்சி. வால தூக்கி பின்னாடி பாருங்க, வெக்கப்படாதீங்க, ஈரம் இருந்தா கீழ வச்சிடுங்க. சாப்பாடு வைக்கச் சொல்லி முன்னாடி நின்னு பாருங்க. தாய் எங்கனு கேளுங்க. நாப்பத்தஞ்சு நாளுக்கு முன்ன தாய வுட்டுப் பிரிச்ச குட்டி ஆகாது."

நெசவாளி கடைக்குள் போனார். கால் மணி நேரத்தில் வெறுங்கையோடு வெளியே வந்து, அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பிரபாவதி தன் வாழ்நாளில் அவ்வளவு ருசியான டீ குடித்ததில்லை.

அதிலிருந்து தினமும் நடந்தது. மொட்டைத் தலைகள் வந்து குனியக் குனியச் சந்தனமும் புத்திமதியும் சேர்ந்தே இறங்கின. பொசுபொசுவென்று முடி வைத்த பனிநாட்டு நாய் கேட்டவனிடம், "நம்மூர் வெயில்ல ஸ்வெட்டர் போட்டுகினு நீ படியேறுவியா? அது மட்டும் ஏறணுமா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற தம்பதிக்கு நாயே வேண்டாம், பூனை போதும் என்றாள். மாடியில் ஒற்றை அறையில் இருந்தவனை மீன் தொட்டியோடு நிறுத்தினாள். அந்த மீன் தொட்டியை ஸ்ரீதரிடம் வாங்காமல் அரக்கோணத்தில் வாங்கச் சொன்னாள், அது பழிக்காக. மற்றதெல்லாம் நியாயம். ஒருத்தனைக் கெடுக்க உட்கார்ந்தவள், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நல்லது செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

ஸ்ரீதர் கத்திப் பார்த்தான். கடைப் பையனைவிட்டு அவள் இடத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். போலீசில் புகார் கொடுத்தான். ஏட்டு இளங்கோவன் வந்து விசாரித்தார்.

"என்னாம்மா, அவர் கடைய பத்தித் தப்பா பேசறியாமே?"

"அவர் கடைய பத்தி ஒரு வார்த்தை பேசல சார். ஈறு ரோஸா இருக்கணும்னு சொன்னேன். அது தப்பா?"

ஏட்டு தாடையைச் சொறிந்தார். பிறகு பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, குவார்ட்டர்சில் வளர்க்க எந்த மாதிரி குட்டி தோதுப்படும் என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு போனார். ஸ்ரீதர் கடை வாசலில் நின்று இதையும் பார்த்தான்.

வீட்டில் தங்கவேலுக்குப் பிடிக்கவில்லை. "போதும் பிரபா. மூணு மாசம் ஆவுது. சூரன கொன்னுட்டு வந்த சாமியே கோவம் தணிஞ்சு குந்தின மலை இது. இங்க சூரசம்ஹாரம்கூட பண்றதில்ல. நீ இன்னாடான்னா..."

"சாமிக்கு சூரன கொன்னப்புறம்தான தணிஞ்சுது? நான் இன்னும் கொல்லல."

தங்கவேல் சோற்றைப் பிசைந்தான். அவனுக்கும் ஸ்ரீதர் சொன்ன அந்த வார்த்தை தைத்திருந்தது. ஆனால் அவன் அதை யார்ட்டில் சரக்கு மூட்டைகளின் மேல் காட்டிக்கொள்வான், அவளுக்கு அந்த வசதி இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு லட்சம் காவடி வந்தது, ஸ்ரீதர் கடையில் ஒரு குட்டிகூடப் போகவில்லை. உள்ளே நுழைகிறவர்கள்கூட, "அந்தச் சந்தனக்காரம்மா பாத்துச் சொல்லட்டும்" என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார்கள். அவள் ஒரு பார்வை பார்ப்பாள், ஈறைத் தொடுவாள், "ஆகாது" என்பாள். ஆகாதவைதான், பொய்யில்லை. புதுச் சரக்கு எடுக்கப் பணமில்லாமல் குருவிக் கூண்டுகள் காலியாயின. கடைப் பையன் நின்றுபோனான். ஸ்ரீதரின் நெற்றி விபூதி மெலிந்துகொண்டே வந்தது. பிரபாவதி நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள்.

ஆவணியில் ஒரு நாள் ஸ்ரீதர் கடையில் ஒரு தாய் நாய் கட்டியிருந்தது. சிப்பிப்பாறைக் கலப்பு, ஒல்லி, நல்ல வளர்த்தி. அதன் வயிற்றோடு நாலு குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன. ஸ்ரீதர் ரோட்டைத் தாண்டி வந்து அவள் கிண்ணத்துக்கு முன்னால் நின்றான்.

"அக்கா, தாயோட கொண்டாந்திருக்கேன். அம்பது நாளு. சீதாலட்சுமி டாக்டர்தான் ஊசி போட்டாங்க, வேணும்னா போய் கேளுங்க. இனிமே இப்டிதான். நீங்க ஒன்னியும் தூக்கிப் பேச வேணாம். இருக்கறத இருக்கறபடி சொன்னா போதும்."

அவள் சந்தனத்தைக் குழைத்தாள். அவன் கடைக்குத் திரும்பிப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆந்திரப் பக்கம் நகரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, மொட்டைத் தலையோடு ஐந்து வயசுப் பெண். அன்றைக்கு முகூர்த்தநாள் வேறு, ரோடு நிறையக் கூட்டம். அவர்கள் கடைக்குள் போய் ஒரு குட்டியோடு நேராகப் பிரபாவதியிடம் வந்தார்கள். பின்னாலேயே ஸ்ரீதர் வந்தான். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கையில் பிடித்தபடி திரும்பினார்கள். இன்றைக்கு என்ன சொல்வாளோ என்று பார்ப்பது அந்தத் தெருவில் ஒரு பொழுதுபோக்காகியிருந்தது.

அவள் குட்டியை மடியில் வாங்கினாள். ஈறு ரோஜா நிறம். அழுத்தினால் உடனே சிவந்தது. காது சுத்தம், கண்ணில் பீளை இல்லை, வயிறு இறுக்கம். வாலைத் தூக்கிப் பார்த்தாள், உலர்ந்திருந்தது. பிடரியில் கை வைத்ததுமே வீல் என்று கத்தி, திரும்பி அவள் விரலைக் கடித்தது. அட்டையில் ஸ்டிக்கர் இருந்தது, டாக்டர் கையெழுத்து அவளுக்குத் தெரிந்ததுதான். குற்றம் தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வாரத்தோடு ஷட்டர் இறங்கிவிடும் என்று ஸ்ரீதர் முகத்திலேயே தெரிந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நல்ல குட்டியைக் கெட்டது என்பதும், கெட்டதை நல்லது என்பதும் ஒரே தொழில். அவன் தொழிலை அவள் செய்வதா? அதே சமயம் நல்லது என்று சும்மா சொல்லி அவனை வாழவைக்கவும் மனசு ஒப்பவில்லை.

"சொல்றேன்" என்றாள். குட்டியைக் கீழே விடாமல் ஸ்ரீதரை நிமிர்ந்து பார்த்தாள். "மொதல்ல நீ அன்னிக்குச் சொன்னத திருப்பி எடு."

"அக்கா, மன்னிச்சிடுங்கக்கா."

"எதுக்கு?"

"அதான்... அன்னிக்கு..."

"எதுக்குனு சொல்லி மன்னிப்பு கேளு. அன்னிக்கு முணுமுணுக்கல இல்ல? சத்தமாதான சொன்ன? இப்பவும் சத்தமா சொல்லு. அப்பதான் இவங்களுக்கு நான் பதில் சொல்லுவேன்."

ஸ்ரீதர் நகரிக்காரர்களைப் பார்த்தான், தன் கடையைப் பார்த்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, சந்தையில் கூவுகிறவனைப்போல் உரக்கச் சொன்னான்.

"இந்தக்காவுக்கு புள்ள இல்லன்றத நான் குத்திக் காட்டிப் பேசிட்டேன். ஒரு புள்ளய பெத்து வளத்திருந்தா நாயி வளக்கத் தெரியும், இந்தக் கையில குடுத்தா எதுவும் தங்காதுனு சொன்னேன். நான் சொன்னது தப்பு. குட்டி செத்ததுக்கு நான்தான் காரணம், அவங்க கை இல்ல. மன்னிச்சிடுங்க."

கைகூப்பி நின்றான். பொய் மன்னிப்பு இல்லை, கூப்பிய கையை அவன் இறக்கவேயில்லை. பிரபாவதி ஜெயித்துவிட்டாள்.

அன்றைக்குக் கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர். இன்றைக்கு ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். டீ மாஸ்டர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சட்டென்று பாலைக் கிளறப் போனார். கரும்புச் சாறு பிழிகிறவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். வாரா வாரம் வெளியூரிலிருந்து தொப்பி கொண்டுவந்து போடும் வளவன் தரையைப் பார்த்தான். அவனிடம் அவள் தனக்கு இரண்டு பிள்ளைகள் என்றும், பெரியவன் சென்னையில் படிக்கிறான் என்றும் சொல்லியிருந்தாள். விசாரிக்கிற வெளியூர்க்காரர்கள் அத்தனை பேரிடமும் அப்படித்தான் சொல்லி ஓட்டியிருந்தாள். அவள் கேட்டபடியே, ஒரு வார்த்தை குறையாமல், ஸ்ரீதர் எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

நகரிக்காரி புருஷன் பக்கம் சாய்ந்து, இவளுக்குப் புரியாது என்ற எண்ணத்தில் மெதுவாகத் தெலுங்கில் சொன்னாள்: "பாபம், பில்லலு லேரண்ட."

பாவம், பிள்ளைகள் இல்லையாம். திருத்தணியில் இது புரியாதவர் யார்?

"லேரம்மா" என்றாள் பிரபாவதி, அதே தெலுங்கில். இல்லை என்று யாரிடமும் அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். நகரிக்காரிக்கு முகம் விழுந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிரபாவதி கையைக் காட்டி நிறுத்தினாள். ஸ்ரீதர் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு பிடிகூடக் குறையவில்லை. இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"நல்ல குட்டி" என்றாள். குரல் அதட்டலாகத்தான் வந்தது. "எடுத்துனு போங்க. அடுத்த ஊசி இருபத்தோரு நாள் கழிச்சு, தேதி மறந்துடாதீங்க. பால் ஊத்தாதீங்க, வயித்தால போவும். சோத்துல முட்டைய பெசஞ்சு ஒரு நாளைக்கு நாலு வேளை குடுங்க. ராத்திரி தாய தேடி அழுவும். அழுவுதேனு அடிச்சிடாதீங்க, பக்கத்துல ஆள் படுத்துக்கங்க."

சின்னப்பெண் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து நின்றது. குட்டி பிரபாவதியின் முந்தானையைப் பல்லால் கவ்விக்கொண்டிருந்தது. பிடி நல்ல பிடி. அதை விடுவிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.